யார் கேட்ட கணக்கு?

திருவண்ணாமலை சார்பு நீதிமன்றத்தில் நான் நடத்திய சிவில் வழக்குகளில் பெரும்பாலானவை நிலத்தைப் பற்றியவை. வரப்பு, வண்டிப்பாதை, கிணற்றில் முறை இறைப்பு, அண்ணன் தம்பி பாகப்பிரிவினை. ஒரே ஒரு வழக்கில்தான், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கை யார் கணக்கில் எழுத வேண்டும் என்று வாதாடினேன். இரு கட்சிக்காரர்களும் இன்றைக்கும் நல்லபடியாகத் தொழில் நடத்துகிறார்கள். அதனால் பெயர்களை விட்டுவிடுகிறேன்.

என் கட்சிக்காரர் அடி அண்ணாமலைக்காரர். கிரிவலப் பாதையில், ஆதி அருணாசலேசுவரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு. பெங்களூரில் சில வருடம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தார். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதும் ஊரோடு வந்துவிட்டார். சென்னையில் ஒரு டேட்டா சென்டரில் சர்வர்களை வாடகைக்கு எடுத்து, வீட்டு மாடியில் இருந்தபடியே பார்த்துக்கொண்டு, சின்ன நிறுவனங்களுக்கு உள்வாடகைக்கு விட்டார். லினக்ஸ் தெரிந்தவனுக்கு எந்த ஊரும் ஒன்றுதான் என்பார். கரண்ட் இருக்கிற வரைக்கும் என்று அவர் அம்மா சேர்த்துக்கொள்வார்.

வாதி, லாட்ஜ்களுக்கு இணையத்தில் அறை பதிவு செய்து கொடுக்கும் நிறுவனம். அவர்களுக்குச் சாதாரண நாட்களில் பெரிய வேலை இல்லை. பௌர்ணமிக்குத்தான் எல்லாமே. பதினான்கு கிலோமீட்டர் நடக்க வருகிறவர்களில் பாதிப் பேர் கடைசி நேரத்தில்தான் அறை தேடுவார்கள். ஒப்பந்தம் சுலபமானது: மாதம் இவ்வளவு என்று அடிப்படை வாடகை; வாதியின் ப்ரோகிராம் சிபியூவில் ஓடிய நேரம் ஓர் அளவைத் தாண்டினால், தாண்டிய மணிக்கு இவ்வளவு என்று கூடுதல் கட்டணம்.

2013 சித்ரா பௌர்ணமி அன்று சாயங்காலம் அந்த சர்வர் நின்றது. அணைத்து ஏற்றினால் சிறிது நேரம் ஓடும், மறுபடி நிற்கும். நள்ளிரவு வரை இதே கதை. பதிவு செய்ய முடியாதவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். லாட்ஜ்காரர்கள் வாதியைத் திட்டினார்கள். வாதி என் கட்சிக்காரர் மேல் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். கூத்து என்னவென்றால், அந்த மாத பில்லில் கூடுதல் சிபியூ நேரம் எந்த மாதத்திலும் இல்லாத அளவு ஏறியிருந்தது. நின்றுபோன மெஷினுக்கு அதிகக் கட்டணமா? பிராதில் கனமான எழுத்தில் அடித்திருந்த வரி அதுதான். எங்கள் தரப்பில் எதிர்வழக்குரையோடு பில் தொகைக்கு எதிர்க்கோரிக்கையும் தாக்கல் செய்தோம்.

முதலில் நான் எடுத்தது அதிகார வரம்பு. பில்லை மெஷினுக்குள் திருத்தி ஏற்றிவிட்டார்கள் என்று பிராதில் ஒரு பத்தி இருந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43-வது பிரிவில் (எச்) என்ற உட்பிரிவு அதைத்தான் சொல்கிறது: கம்ப்யூட்டரில் தில்லுமுல்லு செய்து, ஒருவர் பெற்ற சேவைக்கான கட்டணத்தை இன்னொருவர் கணக்கில் ஏற்றுவது. அதற்கு இழப்பீடு கேட்க வேண்டிய இடம் 46-வது பிரிவின்படி தீர்ப்பளிக்கும் அதிகாரி. தமிழ்நாட்டில் அது தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர். பி.டபிள்யூ.சி. தாவீதார் அந்தப் பொறுப்பில் இருந்தபோது, 2010-ல், போலி மின்னஞ்சலால் வங்கிக் கணக்கில் பணம் இழந்த தூத்துக்குடிக்காரர் ஒருவருக்கு வங்கி இழப்பீடு தர வேண்டும் என்று உத்தரவிட்டது பேசப்பட்ட விஷயம். 61-வது பிரிவு, அந்த அதிகாரி விசாரிக்க வேண்டியதை சிவில் கோர்ட் விசாரிக்கக் கூடாது என்கிறது. நீதிபதி பிராதை முழுக்கப் படித்துவிட்டு, சாரத்தில் இது ஒப்பந்த மீறல் வழக்குதான், தில்லுமுல்லு என்ற பத்தி அலங்காரம் என்று சொல்லி என் மனுவைத் தள்ளினார். எதிர்த்தரப்பு வக்கீல், எனக்கு ஐந்தாறு வருடம் மூத்தவர், சிரித்துக்கொண்டார். அந்தப் பத்தியை அவரே பிறகு விட்டுவிட்டார்.

வழக்கின் முள் எங்கே இருக்கிறது என்று எனக்குக் காட்டியது ஒரு மின்னஞ்சல். பௌர்ணமிக்கு இரண்டு மாதம் முன்னால், பில் அதிகம் என்று வாதி எழுதியிருக்கிறார். என் கட்சிக்காரர் பதில் போட்டிருக்கிறார்: மொத்த நேரம்தான் என்னிடம் இருக்கிறது, எந்த வேலைக்கு எவ்வளவு போகிறது என்று பார்க்க வேண்டுமானால் உங்கள் ஆள் ப்ரோகிராமுக்குள் பார்க்கட்டும். வாதியின் ப்ரோகிராமர் பார்த்தார். அதற்காக ஒரு டைமரை வைத்தார். அந்த டைமர் மேல்தான் இந்த வழக்கு முழுவதும் நின்றது.

லினக்ஸின் கெர்னல் என்பது மெஷினுக்குள் உட்கார்ந்து யாருக்கு எப்போது சிபியூ என்று முறை வைக்கிற பகுதி. நம் கைக்கடிகார நேரம் வேறு, ஒரு ப்ரோகிராம் சிபியூவில் உண்மையாகவே ஓடிய நேரம் வேறு. இந்த இரண்டாவது நேரத்தை வைத்து டைமர் போடக் கெர்னல் இடம் தருகிறது. ‘என் ப்ரோகிராம் பத்து மில்லிசெகண்ட் சிபியூ தின்றதும் என்னைத் தட்டு’ என்று கேட்டு வைக்கலாம். தட்டும் ஒவ்வொரு முறையும் ப்ரோகிராம், தான் எந்த வரியில் இருக்கிறோம் என்று குறித்துக்கொள்ளும். ஒரு நாள் முழுக்கக் குறித்தால் எந்த வேலை அதிகம் தின்கிறது என்று தெரிந்துவிடும். ப்ரோகிராமர்கள் தினமும் செய்கிற காரியம். வாதியின் ப்ரோகிராமர் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில் சோதித்துப் பார்த்திருக்கிறார். ஒரு குறையும் இல்லை. அப்படியே விட்டுவிட்டார்.

குறை எப்போது வரும்? வாதியின் ப்ரோகிராம், வருகிற ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் இழையைத் திறக்கும். த்ரெட் என்பார்களே, அது. செவ்வாய்க்கிழமை முப்பது நாற்பது இழை. பௌர்ணமி மாலையில் ஆயிரக்கணக்கில். பத்து மில்லிசெகண்ட் என்ற கெடு எல்லா இழைகளுக்கும் சேர்த்து ஒன்றே. ஆகவே கெடு முடிந்ததா என்று தெரிய, எல்லா இழைகளும் தின்ற நேரத்தைக் கூட்ட வேண்டும். அந்தக் காலத்துக் கெர்னல் இதைச் செய்த முறை கொஞ்சம் புத்திசாலித்தனமானதுதான்: மிச்சக் கெடுவை இழைகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஆளுக்கு ஒரு பங்கு கொடுத்துவிடும். தன் பங்கைத் தாண்டிய இழை தென்பட்டால் மட்டும் எல்லாரையும் கூட்டிப் பார்க்கும்; கெடு இன்னும் பாக்கி என்றால் மறுபடி பங்கு போடும். இரண்டு இழை என்றால் ஆளுக்கு ஐந்து மில்லிசெகண்ட்; அபூர்வமாகத்தான் கூட்ட வேண்டியிருக்கும். நாலாயிரம் இழை என்றால் ஆளுக்கு இரண்டரை மைக்ரோசெகண்ட். ஆனால் அந்தக் கெர்னல் யார் எவ்வளவு ஓடினார் என்று பார்ப்பதே ஒரு மில்லிசெகண்டுக்கு ஒரு முறை; அதைத் துடிப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒரு துடிப்பு நேரம் ஓடிய எந்த இழையும் தன் பங்கைப் பல நூறு மடங்கு தாண்டியிருக்கும். ஆக ஒவ்வொரு துடிப்பிலும் முழுக் கூட்டல், முழுப் பங்கீடு. தூங்கிக்கொண்டிருக்கிற இழைகளையும் விடாமல்.

இதை நீதிபதிக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்து, கடைசியில் ஊர்க் கணக்கிலேயே சொன்னேன். “ஐயா, ராஜகோபுரத்தில் நிமிஷத்துக்கு ஒரு மணி அடிக்கிறார்கள். மணி அடிக்கும்போதெல்லாம் ஒருவர் கிரிவலப் பாதை முழுக்க ஓடி, நடக்கிறவர், உட்கார்ந்தவர், படுத்தவர் எல்லாரையும் எண்ணிவிட்டு, அடுத்த மணிக்குள் திரும்பி வர வேண்டும். அவர் எண்ணி முடிக்கிற வரை யாரும் அடி எடுத்து வைக்கக் கூடாது. சாதாரண நாளில் முடியும். பௌர்ணமியில் எண்ணி முடிப்பதற்குள் அடுத்த மணி அடித்துவிடும். பிறகு யாருமே நடக்க மாட்டார்கள், எண்ணிக்கைதான் நடக்கும்.” நீதிபதி பேனாவை வைத்துவிட்டு, “எண்ணச் சொன்னது யார்?” என்று கேட்டார். வழக்கு அந்த இடத்தில்தான் திரும்பியது என்று நினைக்கிறேன்.

இது நாங்கள் ஜோடித்த கதை அல்ல என்று காட்ட வேண்டியிருந்தது. இந்த சிபியூ டைமர் பகுதியை இந்த வடிவத்தில் எழுதியவர் ரோலண்ட் மெக்ராத், 2005-ல் 2.6.12 பதிப்பில் வந்தது. இழைகள் பெருகும்போது மெஷின் உறைகிறது என்று கெர்னலின் குறைப் பதிவேட்டில் 9906 என்ற எண்ணில் புகார் இருந்தது. கூகுளில் இருந்த ஃபிராங்க் மேஹர் அதே இடத்தில் முட்டிக்கொண்டு, மெக்ராத்தின் உதவியோடு 2008-ல் முறையையே மாற்றினார். ஒவ்வோர் இழையும் தான் ஓடிய நேரத்தை அவ்வப்போதே ஒரு பொதுக் கணக்கில் சேர்த்துவிடும். கெடு பார்க்கிறவர் அந்த ஒரு தொகையைப் படித்தால் போதும். அந்த மாற்றம் 2008 டிசம்பரில் 2.6.28-ல் வெளிவந்தது. கூட்டல் நேரம் துடிப்பு நேரத்தை எட்டும் வரை ஒன்றும் தெரியாது, எட்டிய பிறகு சடசடவென்று சரியும் என்று மேஹர் தம் குறிப்பில் விளக்கியிருந்தார். பௌர்ணமிச் சாயங்காலம் நடந்ததை அதைவிடத் தெளிவாக எந்தச் சாட்சியும் சொல்ல முடியாது.

எனக்கு இன்னும் பிடித்தது அதற்கு அடுத்த மாற்றம். மேஹர் முறையில், டைமரே வைக்காத ப்ரோகிராமுக்கும் பொதுக் கணக்குச் சுமை விழுந்தது. ஒவ்வொரு ப்ரோகிராமுக்கும் ஒவ்வொரு சிபியூவிலும் தனி இடம் ஒதுக்க வேண்டியிருந்தது. 2009 தொடக்கத்தில் பீட்டர் சைல்ஸ்ட்ரா அதை இரண்டாகப் பிரித்தார். எவ்வளவு ஓடியிருக்கிறோம் என்று எப்போதாவது கேட்கிறவருக்கு, கேட்கும்போது நிதானமாகக் கூட்டிச் சொல்வது, கேட்டவர் காத்திருக்கட்டும். கெடு வைத்துக் காவல் கேட்கிறவருக்கு மட்டும் ஓடும் கணக்கு. கெடு இல்லாதபோது அந்தக் கணக்கும் ஓடாது. வசதியைப் பயன்படுத்துகிற ப்ரோகிராம்தான் அதன் செலவைச் சுமக்க வேண்டும் என்று மாற்றத்தின் காரணமாகவே அவர் எழுதி வைத்திருக்கிறார். சிவில் சட்டம் படித்தவன் எழுதினாற்போல இருந்தது. அந்தக் குறிப்பை அச்செடுத்து, என் வாதக் குறிப்போடு வைத்தேன்.

ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் அதே தேதிகளை என் பக்கமே திருப்பினார். என் கட்சிக்காரரைக் கூண்டில் நிறுத்தி அவர் கேட்ட கேள்வி: “2008 டிசம்பரில் மருந்து வந்துவிட்டது. 2013 ஏப்ரலில் உங்கள் மெஷினில் அதற்கும் முந்திய கெர்னல் ஓடியது சரிதானா?” சரிதான். “ஏன் மாற்றவில்லை?” கெர்னலை மாற்றினால் மெஷினை அணைத்து ஏற்ற வேண்டும், அதில் மற்ற வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள், ஓடிக்கொண்டிருப்பதைத் தொட வேண்டாம் என்று இருந்துவிட்டேன் என்றார். நேர்மையான பதில். எங்களுக்கு வலித்த பதிலும்கூட. ஆனால் எனக்கும் ஒரு பிடி இருந்தது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 73-வது பிரிவின் விளக்கம், மீறலால் வந்த சிரமத்தைச் சரிசெய்ய என்ன வழி இருந்தது என்பதையும் இழப்பீட்டைக் கணக்கிடும்போது பார்க்கச் சொல்கிறது. அது இழப்பைக் குறைக்க வாதிக்கு இருந்த வழியைப் பற்றியது. டைமரை நிறுத்த ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும், அவர்கள் ஆள் அன்றிரவு அதைச் செய்யவே இல்லை என்று அதைப் பிடித்துக்கொண்டேன். டைமர்தான் காரணம் என்று அன்றிரவு யாருக்கும் தெரியாதே என்றார் அவர். அதுவும் உண்மை.

நிபுணர் சாட்சியை மட்டும் வைத்து ஓட்ட முடியாது என்று தெரிந்ததும், சிவில் நடைமுறைச் சட்டம் 26-வது கட்டளை, விதி 10-ஏ-யின் கீழ் மனுப் போட்டேன். விஞ்ஞான ஆய்வுக்கு ஆணையர் நியமிக்கும் விதி. நம் ஊரில் அட்வகேட் கமிஷனர் என்றால் நிலத்தை அளக்கப் போகிறவர்தான். கூட சர்வேயர் வருவார், சங்கிலி வரும். இந்த முறை சங்கிலிக்குப் பதில் ஒரு பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வந்தார். ஆய்வு இடம், அடி அண்ணாமலையில் என் கட்சிக்காரர் வீட்டு மாடி. சம்பவத்தன்று ஓடிய அதே கெர்னல், அதே ப்ரோகிராம், அதேபோன்ற ஒரு மெஷின். கீழே பாதையில் நடைபயணிகள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு சாமியார் உள்ளே வந்து, இங்கே அன்னதானமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

பேராசிரியர் முதலில் டைமர் இல்லாமல் இழைகளை ஏற்றினார். ஆயிரம், இரண்டாயிரம், நாலாயிரம். மெஷின் வியர்த்தது, ஆனால் பதில் சொன்னது. பிறகு டைமரோடு. நூறு இழையில் வித்தியாசம் இல்லை. ஆயிரத்துக்கு மேல் போனதும் விசைப்பலகையில் தட்டியது தாமதித்துத் தெரிந்தது. இன்னும் ஏற்றியதும் திரையின் மூலையில் இருந்த கடிகாரம் நின்றது. கமிஷனர் தம் கைக்கடிகாரத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டார். புதிய கெர்னலை ஏற்றி அதே சோதனையைச் செய்தபோது கடிகாரம் நிற்கவில்லை. வாதியின் ப்ரோகிராமர், இருபத்தைந்து வயதுப் பையன், என்னிடம் வந்து, “சார், எனக்கு இது நெஜமாவே தெரியாது சார்” என்றான். “தெரியும்னு யாரும் சொல்லலப்பா” என்றேன். எதிர்த்தரப்பு சாட்சியிடம் வக்கீல் அதற்கு மேல் பேசக் கூடாது.

பில் கதை அந்த மாடியில்தான் அவிழ்ந்தது. நின்ற மெஷினுக்கு ஏன் அதிக நேரம் ஏறியது? பேராசிரியர் சொன்ன விளக்கத்தை நான் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். அந்தக் கெர்னல் ஒருவர் ஓடிய நேரத்தைத் தொடர்ச்சியாக அளந்து பில்லுக்குக் கொடுப்பதில்லை. துடிப்பு வரும் கணத்தில் யார் ஓடிக்கொண்டிருந்தாரோ அவர் பேரில் ஒரு முழுத் துடிப்பை எழுதிவிடும். நீண்ட நேரத்துக்குச் சராசரியில் இது சரியாக வரும். ஆனால் இழைகளைக் கூட்டுகிற வேலை நடப்பதே துடிப்புக்குள். தன் வேலை நேரத்தைத் தானே பார்த்து எழுத அதற்கு வழி இல்லை. கூட்டி முடித்து வெளியே வந்ததும் காத்திருந்த அடுத்த துடிப்பு விழும். அந்தக் கணத்தில் முறை கிடைத்திருப்பது வாதியின் ப்ரோகிராம். அதன் பேரில் இன்னொரு துடிப்பு. ஆக எண்ணுவதற்குச் செலவான நேரம், எண்ணப்பட்டவன் ஓடியதாகக் கணக்கில் ஏறியது. யாரும் திருத்தவில்லை. மெஷின் தன் வழக்கப்படி நேர்மையாக எழுதியதே அந்தப் பில்.

இந்த முறையின் ஓட்டையை எதிர்த்தரப்பும் தேடிக் கண்டுபிடித்து வந்திருந்தார்கள். 2007-ல் டான் ட்சாஃப்ரிர், யோவ் எட்சியன், ட்ரோர் ஃபைடெல்சன் ஆகிய மூவர் ஒரு கட்டுரை எழுதினார்கள். துடிப்பு வருவதற்குச் சற்று முன்னால் தூங்கிவிடுகிற ப்ரோகிராம், சிபியூவில் பெரும்பங்கைத் தின்றுவிட்டு, கணக்கில் ஒன்றுமே தின்னாததுபோல இருக்கலாம் என்று அதில் செய்து காட்டியிருந்தார்கள். துடிப்புக் கணக்கே நம்பத் தகாதது, பில்லைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்றார் வக்கீல். அந்த ஓட்டையில் நஷ்டப்படுவது வாடகைக்கு விட்டவன்தானே ஐயா, வாடகைக்கு எடுத்தவர் அதைச் சொல்லிக் குறைப்பு கேட்கலாமா என்றேன். நீதிபதி சிரித்தார், ஆனால் குறித்துக்கொள்ளவில்லை.

சிபியூ நேரம் என்பது விற்கக்கூடிய ஒன்றா என்ற கேள்வியையும் எதிர்த்தரப்பு கிளப்பியது. ஒப்பந்தம் இருக்கும்போது அது வீண் கேள்விதான். ஆனால் அதற்காகப் படித்த இரண்டு அமெரிக்கத் தீர்ப்புகளை மறக்க முடியவில்லை. வர்ஜீனியாவில் லண்ட் என்ற ஆராய்ச்சி மாணவர், பல்கலைக்கழகக் கம்ப்யூட்டரை அனுமதியில்லாமல் தம் ஆய்வுக்குப் பயன்படுத்தினார் என்று திருட்டுக் குற்றம் சாட்டப்பட்டார். 1977-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. திருட்டு என்றால் ஒரு பொருளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கம்ப்யூட்டர் நேரத்தைத் தூக்கிப் போக முடியாது என்பது காரணம். அடுத்த வருடமே அங்கே சட்டத்தைத் திருத்தி, கம்ப்யூட்டர் நேரமும் சொத்துதான் என்று ஆக்கினார்கள். இரண்டாவது, 1985-ல் இண்டியானாவில் மெக்ராவின் வழக்கு. இண்டியானாபோலிஸ் நகராட்சி ஊழியர் அலுவலகக் கம்ப்யூட்டரில் சொந்த வியாபாரக் கணக்கு வைத்திருந்தார். நகராட்சி மொத்த வாடகைக்கு எடுத்திருந்தது. அவர் பயன்படுத்தியதால் ஒரு காசும் கூடவில்லை. ஆகவே திருட்டில்லை என்றது தீர்ப்பு. எங்கள் ஒப்பந்தம் மொத்த வாடகை அல்ல, நேரத்துக்கு நேரம் காசு, ஆகவே ஒவ்வொரு துடிப்புக்கும் விலை உண்டு என்று இந்த இரண்டையும் வைத்து வாதாடினேன். திருவண்ணாமலையில் வர்ஜீனியாவை மேற்கோள் காட்டிய சந்தோஷத்தைத் தவிர பெரிய பலன் இல்லை.

பெரிய இடி வேறு பக்கத்திலிருந்து வந்தது. விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே, 2014 செப்டம்பர் 18-ல் அன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. சாட்சியச் சட்டம் 65-பி பிரிவின்படி சான்றிதழ் இல்லாவிட்டால் மின்னணு ஆவணத்தின் நகல் சாட்சியமே ஆகாது என்று அது சொல்லிவிட்டது. அதற்கு முன் கீழ் நீதிமன்றங்களில் அச்செடுத்த தாளை நீட்டினால் குறியீடு போட்டுவிடுவார்கள். இப்போது என் கட்சிக்காரரின் பதிவேடுகள் எல்லாவற்றுக்கும் சான்றிதழ் வேண்டும். மெஷினை நிர்வகித்தவர் அவர், ஆகவே எழுத வேண்டியவரும் அவர். பிரிவு கேட்கிற நிபந்தனைகளில் ஒன்று: குறித்த காலம் முழுவதும் கம்ப்யூட்டர் ஒழுங்காக இயங்கியிருக்க வேண்டும், இயங்காத நேரம் இருந்தால், அது அந்தப் பதிவையோ அதன் துல்லியத்தையோ பாதித்திருக்கக் கூடாது.

ஒழுங்காக இயங்கியது என்று எழுதினால், நின்றது என்ற எங்கள் எதிர்வழக்குரைக்கே முரண். ஒழுங்காக இயங்கவில்லை, ஆனால் பதிவு பாதிக்கப்படவில்லை என்று எழுதினால், எண்ணும் நேரம் பில்லில் ஏறியது என்ற பேராசிரியரின் அறிக்கை எதிரே நிற்கிறது. பத்து நிமிஷத்துக்கு ஒரு வரி எழுதும் பதிவேட்டில் அன்று மாலை ஆறரைக்கு மேல் வரிகளே விட்டுவிட்டுத்தான் இருந்தன. என் கட்சிக்காரர் அலுவலகத்தில் பேனாவைப் பிடித்துக்கொண்டு, “எதுல சார் கையெழுத்துப் போட?” என்றார். “நடந்ததை நடந்தபடி எழுதுங்க. எதுவரைக்கும் நல்லா இருந்தது, எங்கிருந்து இல்ல, அதை மணி போட்டு எழுதுங்க” என்றேன். பௌர்ணமி மாலைக்கு முந்திய நாட்களுக்கு ஒரு சான்றிதழ், அன்று மாலைக்குத் தனியாக ஒன்று என்று இரண்டாகப் பிரித்தோம். இரண்டாவதில் சிபியூ நேரக் கணக்கு அந்த மணிகளில் நம்பத்தக்கது அல்ல என்று நாங்களே எழுதினோம். பில்லில் ஒரு பகுதியைக் கைவிடுகிறோம் என்பதுதான் அதன் பொருள். கட்சிக்காரருக்கு மனசு வரவில்லை. அவர் அம்மாதான், “வராத காசுக்கு எதுக்குடா பொய் எழுதுற?” என்று முடித்துவைத்தார்.

அந்த இரண்டாவது சான்றிதழ் வேலை செய்தது. பில்லைத் திருத்தினார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள், எங்கள் பக்கமே எங்களுக்குப் பாதகமானதை எழுதிக் கொடுத்ததும் பேச்சுக்கு வந்தார்கள். குறுக்கு விசாரணையில் அந்த ப்ரோகிராமரும் மறைக்கவில்லை. டைமர் வைத்ததை என் கட்சிக்காரரிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். இல்லை என்றான். ஏன்? எங்க ப்ரோகிராமுக்குள்ள நாங்க வைக்கிறதுக்கு அவங்ககிட்ட ஏன் சொல்லணும்னு நெனச்சேன் என்றான். நியாயமான நினைப்பு. ஒரே மெஷினில் நாலு பேர் குடியிருக்கும்போதுதான் அது போதாது.

என் தனிப்பட்ட கருத்தைக் கேட்டால், குற்றம் இரண்டு பக்கமும் இருந்தது, சம அளவில் இல்லை. கெர்னலை மாற்றாமல் விட்டது சோம்பல். ஆனால் டைமர் இல்லாமல் அந்தக் கெர்னல் அதற்கு முந்திய பல பௌர்ணமிகளைத் தாங்கியிருக்கிறது. கணக்குக் கேட்டது வாதியின் உரிமை. கேட்பதற்கு ஒரு விலை உண்டு என்று அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. தெரிந்திருக்க வேண்டியவர் என் கட்சிக்காரர். உள்ளே பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதிய மின்னஞ்சலில் ஒரு வரி எச்சரிக்கை சேர்த்திருந்தால் இந்தக் கட்டே உருவாகியிருக்காது.

வழக்கு லோக் அதாலத்தில் முடிந்தது. வாதி இழப்பீட்டுக் கோரிக்கையைக் கைவிட்டார். பௌர்ணமி மாலை முதல் நள்ளிரவு வரையிலான கூடுதல் கட்டணத்தை நாங்கள் விட்டோம். மிச்ச பாக்கி, வட்டி இல்லாமல், மூன்று தவணை. தொடர்ந்து அதே சர்வரில் இருக்க வாதி ஒப்புக்கொண்டதால், ஒப்பந்தத்தில் இரண்டு ஷரத்து சேர்த்தோம். கெர்னல் திருத்தங்கள் வந்தால் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, பௌர்ணமி அல்லாத நாளில் ஏற்றுவது பிரதிவாதியின் பொறுப்பு. சிபியூ நேரத்தின் மேல் டைமர் வைப்பவர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், எண்ணும் நேரத்தின் செலவு வைத்தவருடையது. இரண்டாவது ஷரத்தை நான்தான் எழுதினேன். சைல்ஸ்ட்ராவின் பெயரைப் போடவில்லை. கோர்ட் கட்டணம் வாதிக்குத் திரும்பக் கிடைத்தது. அதில் பாதியை அவருடைய வக்கீல் பீஸில் கழித்துக்கொண்டதாகக் கேள்வி.

கெர்னல் பக்கம் கதை அதோடு நிற்கவில்லை. பொதுக் கணக்கைப் பூட்டிப் பூட்டித் திறப்பதால் நிறைய சிபியூ உள்ள பெரிய மெஷின்களில் நெரிசல் என்று, 2015-ல் ஜேசன் லோ அந்தப் பூட்டை எடுத்துவிட்டு, பூட்டில்லாமல் கூட்டும் முறையைக் கொண்டுவந்தார். 2020-ல் தாமஸ் கிளைக்ஸ்னர், கெடு முடிந்த டைமர்களைக் கவனிக்கிற வேலையைத் துடிப்புக்குள்ளிருந்து எடுத்து, டைமர் வைத்த ப்ரோகிராமின் சொந்த முறையிலேயே செய்ய வழி பண்ணினார். அந்தச் செலவு இப்போது கேட்டவர் கணக்கிலேயே, தெரிகிற இடத்தில் விழுகிறது. இதை என் கட்சிக்காரர்தான் போனில் சொன்னார். நம்ம ஷரத்தைப் பார்த்து எழுதியிருக்கான் சார் என்று சிரித்தார்.

சமரசமாக முடிந்ததால் ஒரு கேள்விக்கு மட்டும் தீர்ப்பு வரவில்லை: துடிக்கிறது, எண்ணுகிறது, எழுதுகிறது, ஆனால் யாருக்கும் பதில் சொல்வதில்லை என்ற நிலையில் இருக்கும் கம்ப்யூட்டர் சட்டத்தின் கண்ணில் ஒழுங்காக இயங்குகிறதா? 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியம் வந்துவிட்டது. பழைய 65-பி இப்போது 63. சான்றிதழுக்கு அட்டவணையிலேயே படிவம் கொடுத்துவிட்டார்கள்; ஏ பகுதி மெஷினை வைத்திருப்பவருக்கு, பி பகுதி நிபுணருக்கு, ஹேஷ் மதிப்பு வேறு எழுத வேண்டும். ஆனால் ஒழுங்காக இயங்கியது என்ற வாக்கியமும், இயங்காவிட்டால் பதிவைப் பாதிக்கவில்லை என்ற வாக்கியமும் அதே மாதிரி அடுத்தடுத்து அச்சாகியிருக்கின்றன. போன மாதம் ஒரு கடைத் திருட்டு வழக்குக்கு என் ஜூனியர் அந்தப் படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்தாள். கேமரா ரெக்கார்டர் நடுவில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறது. “சார், இந்த ரெண்டுல எதை அடிக்கணும்?” என்றாள். எதையும் அடிக்காதேம்மா, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை நின்றது என்று கடைக்காரரிடம் கேட்டு, தனித்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வா என்று அனுப்பினேன்.